தாரைத் தின்னரில் கரைத்து எடுத்தால் என்ன?

வாசகர் ஒருவர் கேட்டது: "கனடாவில் மண்ணோடு கலந்து கிடக்கும் தாரை எடுக்க ஆறு ஆறாகத் தண்ணீரைக் காய்ச்சுகிறார்களாம். நம் ஊரில் பெயிண்ட் அடிக்கிறவர்கூடக் கையில் ஒட்டிய தாரைத் தின்னரில் துடைத்துவிட்டுப் போகிறார். மண்ணில் நேராகத் தின்னரையே ஊற்றிக் கழுவி எடுத்தால் என்ன? தண்ணீரும் மிச்சம், எரிவாயுவும் மிச்சம். படித்தவர்களுக்கு இது தோன்றவில்லையா?"

2 ஆகஸ்ட் 2025, இரவு

தோன்றியிருக்கிறது தம்பி. தோன்றியதைச் செய்து பார்த்துப் பணத்தை விட்டவர்களும் இருக்கிறார்கள்.

நான் எண்ணெய்க் கிணற்றுப் பக்கம் போனவனில்லை. மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனை ஆலையின் லேபில் 26 வருடம் இருந்தேன். ஆனால் நீங்கள் கேட்ட வேலையைத் தினமும் செய்தவன். பிழிந்து வெளியே வரும் நாரில் எவ்வளவு எண்ணெய் வீணாகப் போகிறது என்று பார்க்க வேண்டும். காய வைத்த நாரைக் காகிதக் குழலில் அடைத்து, சாக்ஸ்லெட் கண்ணாடியில் இறக்கி, அடியில் ஹெக்சேன் என்ற கரைப்பானைச் சூடாக்குவோம். 69 டிகிரியில் கொதித்து மேலே போகும், குளிர்ந்து நார்மேல் சொட்டும், எண்ணெயைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கும், திரும்பவும் கொதிக்கும். சில மணி நேரத்தில் நார் வைக்கோல் மாதிரி ஆகிவிடும், எண்ணெய் முழுக்க அடிக்குடுவையில். தார்மண் கிடக்கும் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்திலும் அதைச் சோதிப்பது ஏறக்குறைய இப்படித்தான். டீன்-ஸ்டார்க் என்ற கருவியில் டொலுவீன் என்ற கரைப்பானைக் கொதிக்க வைத்து, மண், தண்ணீர், தார் மூன்றையும் தனித்தனியே எடை போடுகிறார்கள்.

ஆக, கரைத்து எடுக்க முடியுமா என்றால் முடியும். அப்புறம்தான் சிக்கல். மாதக் கடைசியில் எங்கள் ஹெக்சேன் கணக்கு ஒருநாளும் பொருந்தாது. காற்றில் கொஞ்சம், நாரில் கொஞ்சம், மூடி சரியில்லாத போத்தலில் கொஞ்சம். ஸ்டோர் கிராணி நான்தான் குடித்துத் தீர்த்தேன் என்பதுபோல் பார்ப்பார். குடுவை அளவிலேயே இந்தக் கதை. ஒரு நாளைக்கு லட்சம் டன் மண்ணை இப்படிக் கழுவினால் அந்தக் கிராணியின் முகம் எப்படி இருக்கும்?

3 ஆகஸ்ட், காலை

ஒரு திருத்தம், என் வாய்க்கே. நாம் தார் தார் என்கிறோம். சரியாகச் சொன்னால் தார் என்பது நிலக்கரியைச் சூடாக்கி எடுத்தது. ரோட்டில் ஊற்றுவதும் ஆல்பர்ட்டாவின் அத்தபாஸ்கா வட்டார மண்ணில் இருப்பதும் பிட்டுமன். ஆனால் லயத்து வாசலில் ரோடு போட்டபோது யாரும் "பிட்டுமன் ஒட்டிக்கிச்சு" என்று அழுததில்லை. அதனால் இந்த இழையில் தார் என்றே எழுதுகிறேன்.

3 ஆகஸ்ட், மதியம்

தண்ணீரைக் காய்ச்சுகிறவர்களை முட்டாள் என்று நினைக்க வேண்டாம். அந்த முறை செம்பனை ஆலைக்காரனுக்கு நன்றாகவே புரியும். நாங்களும் குலையை 3 பார் ஆவியில் வேகவைத்து, பிழிந்து, வெந்நீர் சேர்த்து, கிளாரிஃபையர் தொட்டியில் விடுவோம். எண்ணெய் மேலே மிதக்கும், சேறும் தண்ணீரும் கீழே. 1920களில் ஆல்பர்ட்டாவில் கார்ல் கிளார்க் என்ற ஆராய்ச்சியாளர் செய்ததும் இதன் உறவுதான்: தார்மண்ணில் வெந்நீரும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் சேர்த்துக் கலக்கினார், தார் மேலே வந்தது, மண் கீழே போனது. 1929இல் காப்புரிமை கிடைத்தது. பெரிய அளவில் ஓடிய முதல் ஆலை 1967 செப்டம்பரில் திறந்தது. மனிதர் 1966 டிசம்பரில் போய்விட்டார். ஒன்பது மாதம்!

வெந்நீரில் தார் மண்ணைவிட்டுப் பிரிவதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த ஊர் மணல் மணிகளைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது, அதற்கு வெளியேதான் தார் என்று சொல்கிறார்கள். பிரிக்க இடம் இருக்கிறது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து தார்மண்ணில் தார் நேராகக் கல்லிலேயே ஒட்டிக்கிடக்கிறது. அங்கே வெந்நீர் அவ்வளவு எடுபடாது. அங்கேதான் கரைப்பான்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமோனீனைக்கூட முயன்றிருக்கிறார்கள். தோல் உரிக்கும்போது கண்ணில் தெறிக்குமே, அதுதான்.

5 ஆகஸ்ட்

கிள்ளானிலிருந்து ஒரு தம்பி பிடித்துவிட்டார். "செம்பனை எண்ணெய் தண்ணீரைவிட இலேசு, அதனால் மிதக்கும். இந்தத் தார் தண்ணீர் அளவுக்கே கனம் என்று படித்தேன். எப்படி அண்ணே மிதக்கும்?"

தப்பு என்னுடையது. எங்கள் எண்ணெயின் அடர்த்தி 0.9 பக்கம், தானாக மேலே வரும். அத்தபாஸ்கா தார் 1.0ஐ ஒட்டியோ கொஞ்சம் தாண்டியோ இருக்கும். அது தானாக மிதப்பதில்லை, காற்றுக் குமிழிகள் அதில் ஒட்டித் தூக்கிக்கொண்டு வருகின்றன. அதனால் மேலே திரள்வது எண்ணெய்ப் படலம் இல்லை, நுரை. நுரையில் 100க்கு 60 பங்கு தார், 30 பங்கு தண்ணீர், 10 பங்கு மண் என்று கணக்குச் சொல்வார்கள். கிளாரிஃபையர் உவமை அங்கேயே கவிழ்ந்துவிட்டது.

ஆனால் பாருங்கள், அந்த நுரையைச் சுத்தம் செய்யத்தான் அவர்கள் தின்னர் ஊற்றுகிறார்கள். கேள்வி கேட்டவர் பாதி ஜெயித்துவிட்டார்.

9 ஆகஸ்ட், சனிக்கிழமை

வாயால் பேசிப் பயனில்லை என்று இன்றைக்கு வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். ரோடு போடும் குத்தகைக்காரர் ஒருவர் முஷ்டி அளவு தார்க்கட்டி கொடுத்தார், 60/70 ரகம். இரண்டு கயா போத்தல். இரண்டிலும் தேக்கரண்டித் தார். ஒன்றில் பெயிண்ட் கடைத் தின்னர், இன்னொன்றில் சிகரெட் லைட்டர் திரவம். இரண்டும் தாருக்குச் சமமான அளவு. அடுப்பு, பீடி, மோட்டார் எதுவும் பக்கத்தில் இல்லை. நீங்களும் செய்வதாக இருந்தால் அப்படியே செய்யுங்கள், இல்லாவிட்டால் செய்யாதீர்கள்.

மாலை வரை கலக்கினேன். இரண்டும் கறுப்பாகக் கூழாக நின்றன. ஒரு வித்தியாசமும் இல்லை. தோல்வி என்று நினைத்துக் கை கழுவப் போய்விட்டேன்.

10 ஆகஸ்ட், காலை

அளவுதான் தப்பு. லேபில் கரையாத பங்கைப் பிரிக்க தாரைப் போல 40 மடங்கு கரைப்பான் ஊற்றுவார்கள் என்று ராத்திரி படுத்தபின் ஞாபகம் வந்தது. காலையில் எழுந்து இரண்டு டப்பா லைட்டர் திரவத்தையும் கவிழ்த்தேன். தின்னர் போத்தலிலும் அதே அளவு தின்னர்.

இதற்கு நடுவில் தின்னரை அளக்கக் கையில் கிடைத்த வெள்ளைப் போம் கோப்பையை எடுத்தேன். 26 வருட லேப் அனுபவம்! கோப்பையின் அடி அப்படியே உருகி, தின்னர் என் சிலிப்பர்மேல். வீட்டுக்காரி சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். ஏதாவது சொல்லியிருந்தால் பரவாயில்லை.

10 ஆகஸ்ட், மாலை

இப்போது வித்தியாசம் தெரிகிறது. தின்னர் போத்தல் சர்க்கரை போடாத கோப்பி ஓ மாதிரி, அடி முதல் மேல் வரை ஒரே கறுப்பு. லைட்டர் திரவ போத்தலைச் சாய்த்தால் மேலே செம்பழுப்பு, அடியில் கோப்பித்தூள் படிந்தாற்போல் கறுப்பு வண்டல்.

லேபிலிருந்து மிஞ்சிய பழைய வடிதாள் கொஞ்சம் இருந்தது. இரண்டிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு வைத்தேன். தின்னர்ச் சொட்டு சீரான பழுப்பு வட்டமாகப் பரவியது. மற்றது நடுவில் கரும்பொட்டு வைத்து வெளியே வெளிறிய வளையம் போட்டது. நெற்றியில் சாந்துப் பொட்டு வைத்த மாதிரி. இது என் கண்டுபிடிப்பு இல்லை, ரோட்டுத் தாரைச் சோதிக்க இப்படிச் சொட்டு வைத்துப் பார்ப்பது பழைய வழக்கம்.

அந்தக் கரும்பொட்டுக்கு அஸ்பால்ட்டீன் என்று பெயர். தின்னர் வகையான டொலுவீனில் கரையும், லைட்டர் திரவ வகையான பென்டேனிலோ ஹெப்டேனிலோ கரையாது. அதன் வரையறையே அதுதான். வேதிப்பொருள் ஒன்றுக்கு "இதில் கரையும், அதில் கரையாது" என்று மட்டும் விளக்கம் கொடுத்திருப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். ஒரு ஆளை "மாமியார் வீட்டில் சாப்பிடுவார், அக்கா வீட்டில் சாப்பிடமாட்டார்" என்று அறிமுகப்படுத்துகிற மாதிரி.

16 ஆகஸ்ட்

ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: "எல்லாவற்றையும் கரைக்கிற தின்னர்தானே நல்லது? பாதியை அடியில் விடுகிறதை ஏன் தேட வேண்டும்?"

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது அக்கா. கழுவி எடுப்பது மட்டும் வேலை என்றால் தின்னர்தான் ராஜா. ஆனால் தாரில் இருக்கும் பிடிவாதம் எல்லாம் அந்த வண்டலில்தான் சேர்ந்திருக்கிறது. அத்தபாஸ்கா தாரில் எடைக்கு 100க்கு 17, 18 பங்கு இந்த அஸ்பால்ட்டீன், பென்டேனில் அளந்தால். நிக்கல், வனேடியம் போன்ற உலோகங்களில் பெரும்பகுதி அதற்குள். கந்தகமும் அதில் அதிகம். சுத்திகரிப்பு ஆலையில் வினையூக்கியைக் கெடுப்பது, சூடாக்கினால் கரியாக அடைப்பது, எல்லாம் அதன் வேலை. தாரைக் கெட்டியாக வைத்திருப்பதில் பெரிய பங்கும் அதற்குத்தான். அதை அடியில் விட்டு மிச்சத்தை எடுத்தால், எடுத்தது இலேசாகவும் சுத்தமாகவும் இருக்கும். ஒரே ஊற்றில் இரண்டு வேலை, எடுப்பதும் தரம் உயர்த்துவதும்.

இதுவும் புதிதில்லை. 1930களிலேயே மசகு எண்ணெய்க்காக புரோப்பேன் ஊற்றி அஸ்பால்ட்டைத் தள்ளியிருக்கிறார்கள். புரோப்பேன் ரொம்பக் கஞ்சன், நிறையத் தள்ளிவிட்டுக் கொஞ்சம் நல்ல எண்ணெய் மட்டும் தரும். பியூட்டேன் அதைவிடத் தாராளம், பென்டேன் இன்னும் தாராளம். தாராளம் கூடக்கூட அளவு கூடும், தரம் குறையும்.

கலவை எதற்கு என்பதும் இங்கேதான் வருகிறது. கரைக்கும் திறனுக்கு ஹில்டெபிராண்ட் எண் ஒன்று உண்டு. டொலுவீன் 18.2, சைக்ளோஹெக்சேன் 16.8, ஹெப்டேன் 15.3, பென்டேன் 14.4. இரண்டைக் கலந்தால் அளவுக்குத் தகுந்தபடி நடுவில் ஒரு எண் கிடைக்கும். டொலுவீனையும் ஹெப்டேனையும் விகிதம் மாற்றி மாற்றிக் கலந்து, வண்டல் விழ ஆரம்பிக்கும் இடத்தைப் பிடிப்பார்கள். ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரி. எவ்வளவு அழுக்கைத் தள்ள வேண்டும் என்று முடிவு செய்து அதற்கேற்பக் கலக்கலாம். தனிக் கரைப்பானில் அந்தச் சௌகரியம் இல்லை.

17 ஆகஸ்ட்

நுரையில் தின்னர் ஊற்றுகிறார்கள் என்று 5ஆம் தேதி சொல்லிவிட்டு அப்படியே விட்டுவிட்டேன். நுரையில் ஊற்றுவதில் இரண்டு வழி. ஒன்று நாப்தா என்ற இலேசான பெட்ரோலிய எண்ணெய்: தார் முழுக்கக் கரையும், ஆனால் மிக நுண்ணிய நீர்த்துளியும் களிமண்ணும் கூடவே தங்கிவிடும், சென்ட்ரிஃப்யூஜில் போட்டுச் சுற்றினாலும் கொஞ்சம் போகாது. இன்னொன்று பென்டேன், ஹெக்சேன் வகை: இது அஸ்பால்ட்டீனில் ஏறக்குறையப் பாதியைத் திரியவிடும். திரிந்தது சும்மா விழாது, தண்ணீர்த் துளியையும் களிமண்ணையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு விழும். மேலே நிற்பது பளிச்சென்று இருக்கும்.

தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் படிகாரம் போட்டுக் கலக்கியதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். முதலில் ஒன்றும் நடக்காது, அப்புறம் பஞ்சு பஞ்சாகத் திரண்டு, கலங்கலை எல்லாம் இழுத்துக்கொண்டு அடிக்குப் போகும். இங்கே படிகாரமே தாருக்குள் இருக்கிறது, வெளியே வரவழைப்பதுதான் பென்டேனின் வேலை.

கரைப்பான் திரும்பக் கிடைப்பதைப் பற்றி: ஆல்பர்ட்டாவில் 1000 பங்கு தார் எடுத்தால் கழிவோடு போகும் கரைப்பான் 4 பங்குக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். என் ஹெக்சேன் கணக்கை அங்கே கொண்டுபோயிருந்தால் லேபையே பூட்டியிருப்பார்கள்.

24 ஆகஸ்ட்

"மண்ணைத் தோண்டாமல் பூமிக்குள்ளேயே ஊற்றலாமே?" என்று முதல் தம்பி திரும்ப வந்திருக்கிறார். விடமாட்டார் போல.

தோண்டி எடுக்கிற ஆழம் சுமார் 75 மீட்டர் வரைதான், பெரும்பகுதித் தார் அதற்குக் கீழே. அங்கே அதன் பாகு எப்படி என்றால், தண்ணீர் 1 என்று வைத்தால் அது பத்து லட்சம், அதற்கும் மேல். 1970களில் ரோஜர் பட்லர் என்ற பொறியாளர் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு படுக்கைக் கிணறு போடலாம் என்று யோசித்தார். மேல் கிணற்றில் ஆவி, தார் இளகி வடிந்து கீழ்க் கிணற்றுக்கு. ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு இரண்டு மூன்று பீப்பாய்த் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். பிறகு அதே பட்லர், ஆவிக்குப் பதில் புரோப்பேன் ஆவியைவிட்டால் என்ன என்று 1990ஐ ஒட்டி எழுதினார். வேப்பெக்ஸ் என்று பெயர். தம்பியின் கேள்வியேதான்.

பரிசோதனைச் சாலையில் அழகாக வந்தது. மண்ணுக்கடியில் வேகம் போதவில்லை. மாங்காயை வேகவைக்கப் பத்து நிமிடம், உப்பில் ஊறவைக்க நாள்கணக்கு. சூடு பரவுவதைவிடக் கரைப்பான் தாருக்குள் ஊடுருவுவது ஆயிரம் மடங்குக்கு மேல் மெதுவு. ஆவிக்காரர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம்.

இப்போது இரண்டையும் சேர்க்கிறார்கள், சூடும் வேண்டும், கரைப்பானும் வேண்டும் என்று. 2014இல் டோவர் என்ற இடத்தில் சூடாக்கிய பியூட்டேனை மட்டும் விட்டுச் சோதித்தார்கள். 2024இல் இம்பீரியல் ஆயில் கம்பெனி கோல்ட் லேக் என்ற இடத்தில் ஆவியோடு கரைப்பான் சேர்த்து எடுக்கும் முறையை வணிக அளவில் தொடங்கியது.

31 ஆகஸ்ட்

மெர்டேக்கா, அதாவது நம் சுதந்திர தின லீவு. மச்சான் மகன் எட்மன்டனில் இருக்கிறான், அங்கிருந்து கூப்பிட்டுப் பேசினான். போன குறிப்பில் கலவையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே மாமா என்றான். உண்மைதான்.

பூமிக்குள் கலவை வேறு காரணத்துக்கு. புரோப்பேன் ஆவியாகப் போய்த் தார் பக்கத்தில் திரவமாக வேண்டும். அது எந்த அழுத்தத்தில் திரவமாகும் என்பது வெப்பத்தைப் பொறுத்தது, பாறையின் அழுத்தமோ வேறாக இருக்கும். பொருந்தாவிட்டால் எல்லாம் கிணற்றுக்குள்ளேயே திரவமாகித் தேங்கிவிடும். அதனால் திரவமாகாத மீத்தேனைக் கலந்து அழுத்தத்தைச் சரிக்கட்டலாம் என்றார்கள். சரி. ஆனால் சூடான பியூட்டேன் முறையில் அதே மீத்தேன்தான் வில்லன். தார் முகப்பில் போய்ச் சேர்ந்து, பின்னால் வரும் பியூட்டேனை நெருங்கவிடாமல் போர்வை மாதிரி மூடும். அங்கே கரைப்பானைச் சுத்தமாக வைத்திருப்பதே பாதி வேலை. 16ஆம் தேதி கலவையைத் தூக்கி எழுதினேன் இல்லையா, அதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

வண்டல் பூமிக்குள்ளேயே விழுந்தால் இலவசமாகத் தரம் உயர்ந்த மாதிரி. மண் துளைகளை அது அடைத்தால்? அந்தச் சண்டை தனி.

6 செப்டம்பர்

"நம் செம்பனை பயோடீசல் தாரைக் கரைக்கும், கனடாவுக்கு விற்கலாமே" என்று ஒருவர் வியாபாரம் பேசுகிறார். கரைக்கும், சந்தேகமில்லை. சின்ன வயதில் புது ரோட்டில் ஓடிக் காலில் தார் ஒட்டினால் பாட்டி தேங்காய் எண்ணெய் தடவித் தேய்ப்பார். எரிச்சல் இருக்காது. அப்பாவிடம் மாட்டினால் மண்ணெண்ணெய். ஆனால் பயோடீசல் கொதிப்பது 300 டிகிரிக்கு மேல். தாரிலிருந்து அதை எப்படித் திரும்பப் பிரிப்பீர்கள்? பென்டேன் 36 டிகிரியிலேயே எழுந்து போய்விடும். கரைக்கத் தெரிந்தால் போதாது, கிளம்பவும் தெரிய வேண்டும். சில விருந்தாளிகளுக்கும் இதைச் சொல்லலாம்.

திரும்ப எடுக்கவே வேண்டாம் என்ற இடமும் இருக்கிறது. ரோட்டில் கல் பரப்பியதும் முதலில் தெளிக்கிறார்களே எம்சி தார், அதில் கலந்திருப்பது மண்ணெண்ணெய்தான். அது காற்றில் போனால் சரி. கனடாவிலும் தாரைக் குழாயில் அனுப்ப 100க்கு 30 பங்கு போல இலேசான எண்ணெய் கலக்கிறார்கள். அஸ்பால்ட்டீனில் பாதியை முன்பே தள்ளியிருந்தால் கலப்பது குறையும்.

6 செப்டம்பர், கொஞ்சம் கழித்து

டயர் பஞ்சர் ஒட்டுகிற சொலுஷன் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், அதுவும் கரைப்பானில் ரப்பர்தான். 1823இல் சார்ல்ஸ் மேக்கின்டாஷ் நிலக்கரித் தாரிலிருந்து வந்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து இரண்டு துணிக்கு நடுவில் தடவி மழைச்சட்டைத் துணி செய்தார். தாரும் பால்மரமும் அப்போதே சம்பந்தி ஆகிவிட்டன. நம் தோட்டம் எல்லாம் அப்புறம்தான்.

26 அக்டோபர்

தீபாவளி முடிந்து வீட்டைச் சுத்தம் செய்தபோது பின்சுவரில் இருந்த போத்தல்களைத் தூக்கிப் போடச் சொல்லி உத்தரவு. போடுவதற்கு முன் ஒரு தடவை பார்த்தேன்.

ஆகஸ்டில் லைட்டர் திரவத்தின் மேல்தண்ணியை ஒரு பீங்கான் தட்டில் இறுத்து வைத்திருந்தேன். திரவம் எல்லாம் போய், தட்டில் செம்பழுப்பு எண்ணெய் நிற்கிறது. தட்டைச் சாய்த்தால் மெதுவாக நகர்கிறது, தேன் மாதிரி. தின்னர் போத்தலில் மிஞ்சியது பழைய தாரேதான், குச்சியைக் குத்தினால் ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. மூன்றாவது அந்த வண்டல். காய்ந்து கறுப்பாகப் பளபளவென்று இருந்தது. விரலால் தொட்டேன், ஒட்டவே இல்லை. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினேன், மிளகு நொறுங்குகிற மாதிரி நொறுங்கித் தூளாகிவிட்டது.

தட்டு என்னுடையதில்லை, முறுக்கு வைக்கிற தட்டாம். இன்றைக்குத்தான் தெரிந்தது.